விமானத்தில் குடிக்காமல் போய் வருவது

குடியை நிறுத்தியவருக்கு உள்ளூரில் தானாகவே ஒரு காவல் அமைந்துவிடும். டாஸ்மாக் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டில் இருப்பார். கண் லேசாகச் சிவந்தாலும் "என்னாச்சு?" என்று கேட்க அம்மாவோ மனைவியோ இருப்பார்கள். விமான நிலையத்தில் செக்யூரிட்டியைத் தாண்டியதும் இந்தக் காவல் அத்தனையும் அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. உள்ளே தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. விடியற்காலை நாலு மணிக்கு ஒருவர் பீர் கிளாஸோடு உட்கார்ந்திருந்தாலும் யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. அவருக்கு அது எந்த ஊர் நேரமோ! மேலே போன பிறகு மது நம் இருக்கையைத் தேடி வருகிறது. பல நிறுவனங்களில் அதற்குக் காசும் கேட்பதில்லை.

பயணத்தில் தவறியவர்களிடம் பேசிப் பார்த்தால், தாங்க முடியாத ஆசை வந்து குடித்தேன் என்று சொல்பவர்கள் குறைவு. "டிரிங்க்ஸ் என்ன வேணும் சார்னு கேட்டாங்க, வாயில விஸ்கின்னு வந்திருச்சு" என்பார்கள். பக்கத்து சீட்டுக்காரர் வாங்கினார், நானும் வாங்கினேன் என்பார்கள். எதிர்பாராத நேரத்தில் ஒரு கேள்வி வந்தது, பதில் கையில் இல்லை, பழைய பதில் முந்திக்கொண்டது. அதனால் இந்த அத்தியாயம் முழுக்க ஒரே வேலைதான்: எங்கெங்கே என்ன கேள்வி வரும் என்று பார்த்து, பதிலைத் தரையிலேயே தயார் செய்துகொள்வது.

இந்தியாவுக்குள் பறக்கும் விமானங்களில் மது பரிமாறக் கூடாது என்பது விதி. சென்னையிலிருந்து டெல்லி போகிறவர் விமான நிலைய பாரைத் தாண்டிவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. இங்கே பேசப்போவது வளைகுடா, சிங்கப்பூர், ஐரோப்பா என்று வெளிநாடு போய் வருகிறவர்களைப் பற்றி.

நேற்று வரை குடித்தவரா?

நிறுத்தி மாதக்கணக்கில் ஆனவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். தினமும் குடித்துக்கொண்டிருந்துவிட்டு, "சவுதிக்குப் போயிட்டா தானா நின்னுடும்" என்று டிக்கெட் போட்டவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

தினமும் அதிகம் குடித்துப் பழகிய உடம்பில் மது சட்டென்று நின்றால் ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் கடைசியாகக் குடித்த 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் சிலருக்கு நினைவு குழம்பும், இல்லாத உருவங்கள் தெரியும், உடம்பில் பூச்சி ஊர்வதாகத் தோன்றும். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை உயிரையே வாங்கக்கூடியது. இப்போது பயணத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கிளம்புவதற்கு முந்தின இரவு நண்பர்கள் வைத்த பார்ட்டி. மறுநாள் மதியம் விமானம். வலிப்புக்குரிய அந்த இரண்டு நாள் விமானத்திலும், இமிக்ரேஷன் வரிசையிலும், புது கம்பெனி கேம்ப்பின் அடுக்குக் கட்டிலிலும் கழிகிறது. பக்கத்துக் கட்டில்காரருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. 'காக்காய் வலிப்பு' என்று கையில் சாவியைக் கொடுப்பார். விஷயம் மது நின்றதால் வந்தது என்று டாக்டரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே நிறுத்துவதை ஊரிலேயே, மருத்துவக் கண்காணிப்பில் முடித்துவிட்டு, டாக்டர் சரி என்ற பிறகு ஏறுங்கள். தேதியைத் தள்ளிப் போட வேண்டியிருந்தால் தள்ளிப் போடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அமைப்பு அது. யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்றால் 14446 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணுக்குப் போன் செய்யலாம்.

மது இல்லாத நாட்டுக்குப் போவதே மருந்து என்கிற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் கிடைக்காது என்பது உண்மை. அறையில் காய்ச்சுவது கிடைக்கும் என்பதும் உண்மை. குவைத்தில் மது முற்றிலும் தடை. அங்கே 2025 ஆகஸ்டில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 23 பேர் இறந்ததாக அந்நாட்டுச் சுகாதாரத் துறையே அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆசியத் தொழிலாளர்கள். தடை இருக்கும் ஊரில் குடிப்பவர் பீருக்கும் பிராந்திக்கும் போவதில்லை, பெயர் தெரியாத திரவத்துக்குப் போகிறார்.

மாத்திரைப் பெட்டி

குடியை விட்டவர்கள் மறுபடி தொடாமல் இருக்க டாக்டர் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் அதைப் பயணத்துக்காக நிறுத்தவும் வேண்டாம், பயணத்துக்காகப் புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். இரண்டையும் டாக்டர் சொல்லட்டும். இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து இருக்கலாம். 'இன்னைக்கு மாத்திரை போடல, ஒரு பெக் போடலாம்' என்கிற கணக்கு அதனால்தான் தப்பு. தரையில் என்றால் ஆம்புலன்ஸ் வரும். கடல் மேல் பறக்கும்போது வருவதற்கு ஒன்றுமில்லை.

இந்த மாத்திரைக்காரர்கள் சில சின்ன விஷயங்களையும் கவனிக்க வேண்டும். மவுத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாதது. இருமல் மருந்தில் லேபிளைப் படியுங்கள். ஹோமியோபதி டிங்சரில் ஆல்கஹால் உண்டு. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் தசமூலாரிஷ்டமும் மற்ற அரிஷ்டங்களும் புளிக்கவைத்தே செய்யப்படுபவை. அவற்றிலும் மது இருக்கிறது. 'பயணத்துல வயிறு கெட்டுப்போகும், ரெண்டு மூடி குடிச்சுக்கோ' என்று பாட்டி பையில் வைத்துவிடுவார். பாட்டி மேல் குற்றமில்லை. எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, வலி மாத்திரை கொண்டுபோகிறவர்கள் போகும் நாட்டின் விதியைப் பாருங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் டிரமடால், கோடீன், டயசிபாம் வகை மருந்துகள் கட்டுப்பாட்டில் இருப்பவை. முன்கூட்டியே அனுமதி வாங்காமல் கொண்டுபோனால் போலீஸ் வழக்காகலாம். மருந்துச் சீட்டு ஒரிஜினலும் டாக்டரின் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். பறக்கப் பயம் என்பதற்காக நண்பர் கொடுத்த 'அரை மாத்திரை'யை வாயில் போடாதீர்கள். குடியை விட்டவர் மாத்திரைக்குத் தாவுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

டிக்கெட் போடும்போதே

விலையைப் பார்ப்பது போலவே விமானத்தில் மது உண்டா என்றும் பாருங்கள். சவுதியா, குவைத் ஏர்வேஸ், ஏர் அரேபியா ஆகியவற்றில் மது கிடையாது. எமிரேட்ஸ், கத்தார், எதிஹாட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் போன்றவற்றில் உண்டு. நிறுத்தி ஆறு மாதம்கூட ஆகாதவர் ஷார்ஜாவுக்கோ துபாய்க்கோ போகிறார் என்றால் நான் யோசிக்காமல் ஏர் அரேபியா என்பேன். சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும். அந்தக் காசு பெரிதில்லை.

மது உள்ள விமானமே கிடைத்தால் உணவை முன்பதிவு செய்யுங்கள். சிறப்பு உணவுப் பட்டியலில் 'முஸ்லிம் மீல்' என்று ஒன்று இருக்கும்; அதில் பன்றி இறைச்சியும் இருக்காது, மதுவும் இருக்காது. எந்த மதத்தவரும் கேட்கலாம், ஒருவரும் சாதிச் சான்றிதழ் கேட்கப்போவதில்லை. ஐரோப்பிய நிறுவனங்களின் சாஸில் ஒயின், கேக்கில் ரம், டிராமிசுவில் காபியோடு மது எல்லாம் சாதாரணம் என்பதால் இதைச் சொல்கிறேன். கிளம்ப 24 மணி நேரம் முன்பாவது பதிவு செய்துவிட வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு: சிறப்பு உணவு பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்னதாக வந்துவிடும், பசியோடு தள்ளுவண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இடைநிறுத்தம் குறைவாக உள்ள டிக்கெட் எடுங்கள். ஐயாயிரம் ரூபாய் மிச்சம் என்று ஒன்பது மணி நேரம் ஏதோ ஒரு விமான நிலையத்தில் கிடப்பது, புதிதாக நிறுத்தியவருக்கு நஷ்ட வியாபாரம். ஜன்னல் இருக்கையா, நடைவழி இருக்கையா என்றால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் நடைவழி என்பேன். தண்ணீர் குடிக்க, நாலு அடி நடக்க, குடிக்கும் பக்கத்து சீட்டுக்காரரை விட்டுக் கொஞ்சம் எழுந்து போக யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேட்டுக்கு முன்னால் மூன்று மணி நேரம்

பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். வரிசைகள் ஒன்றரை மணியில் முடிந்துவிடும். மீதி நேரம்தான் ஆபத்தான நேரம்; விமானத்துக்குள் இருப்பதைவிட இது மோசம் என்பது என் கருத்து. குடிநோயிலிருந்து மீள்பவர்கள் நாலு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. விமான நிலையம் இந்த நாலையும் ஒரே இடத்தில் பரிமாறுகிறது. இரவு முழுக்கத் தூக்கமில்லை. எடை கூடிப்போச்சு என்று கவுண்டரில் பெட்டியைப் பிரித்து ஊறுகாயை வெளியே எடுக்க வைத்த கோபம். வாசலில் அழுதபடி நின்ற குழந்தையின் முகம். சாண்ட்விச் விலை பார்த்துச் சாப்பிடாமல் இருக்கும் வயிறு.

வயிற்றிலிருந்து தொடங்குங்கள். வீட்டிலிருந்து சப்பாத்தி ரோலோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போங்கள். கெட்டியான சாப்பாட்டை செக்யூரிட்டியில் தடுப்பதில்லை, குழம்பும் சட்னியும்தான் 100 மில்லி விதியில் மாட்டும். காலி பாட்டில் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். கிளம்பும் கேட் எது என்று முதலில் பார்த்து, அங்கேயே போய் உட்காருங்கள். கேட் அருகே பெரும்பாலும் நாற்காலியும் சார்ஜரும்தான் இருக்கும். பாரும் டூட்டி ஃபிரீ கடையும் இமிக்ரேஷன் முடிந்து வரும் வழியில்தான் விரித்து வைத்திருப்பார்கள். சில இடங்களில் கடைக்கு நடுவே புகுந்துதான் போக முடியும். சின்னக் கப்பில் விஸ்கி வைத்துக்கொண்டு, "டேஸ்ட் பண்ணிப் பாருங்க சார், ஃபிரீ" என்று ஒரு பெண் சிரிப்பார். சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்றால் பேச்சு வளரும்.

கிரெடிட் கார்டு லவுஞ்ச்? முதல் வருடம் வேண்டாம். பன்னாட்டு லவுஞ்சுகள் பலவற்றில் பாட்டிலை நாமே எடுத்து ஊற்றிக்கொள்ளலாம்.

விமானம் தாமதம் என்று அறிவித்தால், அதைக் கேட்ட உடனே ஒருவருக்குப் போன் செய்யுங்கள். குடும்பத்தினராக இருக்கலாம், ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில் உங்களுக்கு வழிகாட்டும் ஸ்பான்சராக இருக்கலாம். கிளம்பும் முன்பே "நாலு மணிக்குள்ள நான் கூப்பிடுவேன், கூப்பிடலைன்னா நீங்க கூப்பிடுங்கண்ணே" என்று சொல்லி வைத்திருக்க வேண்டும். இந்த வழி புதிதல்ல. 1935 மே மாதம் பில் வில்சன் என்ற அமெரிக்கர் வியாபார விஷயமாக ஆக்ரன் நகருக்குப் போயிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். போன காரியம் தோற்றுவிட்டது. கையில் காசும் இல்லை. தங்கியிருந்த மேஃபிளவர் ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் ஒரு பக்கம் பார், கலகலவென்று பேச்சுச் சத்தம். இன்னொரு பக்கம் தொலைபேசியும் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியலும். அவர் தொலைபேசிப் பக்கம் போனார். முன்பின் தெரியாத ஒரு பாதிரியாரைக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அந்த அழைப்பு அவரை டாக்டர் பாப் ஸ்மித்திடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அங்கே பிறந்தது. வெளியூரில் மாட்டிக்கொண்ட ஒரு பயணி போன் எடுத்ததிலிருந்து வந்த இயக்கம் அது. இன்றைக்கு உங்கள் போனில் நாளின் எந்த மணியிலும் உலகத்தில் எங்காவது ஓர் இணையக் கூட்டம் நடந்துகொண்டிருக்கும். காதில் ஹெட்செட் போட்டுக்கொண்டு கேட்டால் போதும், பேச வேண்டியதில்லை.

தள்ளுவண்டி வரும்போது

சீட் பெல்ட் விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் வண்டி வரும். கேள்வி எப்போதும் ஒன்றுதான். பதிலை இருக்கையில் உட்காரும்போதே முடிவு செய்துவிடுங்கள், அதுவும் பொருளின் பெயரோடு: "ஆப்பிள் ஜூஸ், ஐஸ் வேண்டாம்." வெறும் "நோ தேங்க்ஸ்" போதாது. கை காலியாக இருந்தால் அடுத்த ஐந்து நிமிடத்தில் இன்னொருவர் வந்து கேட்பார். தக்காளி ஜூஸ் பிடித்தால் கேட்டுப் பாருங்கள். பறக்கும்போது அதன் விற்பனை ஏன் இப்படி ஏறுகிறது என்று லுஃப்தான்சா நிறுவனம் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வுக்கூடத்தைக் கேட்டது. காற்றழுத்தம் குறைந்த இடத்தில் உப்பும் இனிப்பும் மங்கிப்போகின்றன, தக்காளியின் சுவை மட்டும் எடுப்பாகத் தெரிகிறது என்று கண்டார்கள்.

ஆல்கஹால் இல்லாத பீர் சில விமானங்களில் உண்டு. அதில் சொட்டும் மது இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்த டப்பா திறக்கும் சத்தமும் வாடையும் கசப்பும் பழையவைதான். 'ஆல்கஹால் ஃபிரீ' என்று எழுதிய சிலவற்றில் 0.5 சதவீதம் வரை இருக்கவும் செய்யும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேண்டாம் என்று விடுவதில் நஷ்டமும் இல்லை.

கொஞ்சம் துணிந்தவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஏறிய உடனே பணிப்பெண்ணிடம், "நான் மது குடிப்பதில்லை. பிறகு நானே வந்து கேட்டாலும் தயவுசெய்து தராதீர்கள்" என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. எத்தனையோ விதமான பயணிகளைப் பார்த்தவர்கள். தலையாட்டிவிட்டுப் போவார்கள். சொன்ன பிறகு எழுந்து போய்க் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம்தான் நமக்கு வேண்டியது.

பக்கத்து சீட்டுக்காரர் ஊர்க்காரராக அமைந்துவிட்டால் பாசம் பொங்கும். "என்ன அண்ணே, ஓசில குடுக்குறான், வாங்கலையா? வாங்கி எனக்குக் குடுங்க." இது அடிக்கடி நடப்பது. பார்க்கச் சின்ன உதவி. ஆனால் உங்கள் கை கிளாஸை வாங்கும், உங்கள் மேஜைப் பலகையில் அது ஒரு நிமிடமாவது இருக்கும். "டாக்டர் கையால தொடக்கூடாதுன்னுட்டார் தம்பி, நீங்களே கேட்டுக்குங்க" என்று சிரித்தபடி சொன்னால் தகராறு வராது. அப்படியும் விடாமல் நச்சரித்தால் வேறு இருக்கை இருக்கிறதா என்று கேளுங்கள்.

தூக்கம் வரத்தான் ஒரு பெக் என்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம், ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 40 வயது வரையிலான ஆரோக்கியமானவர்களைக் குடிக்க வைத்து, விமானத்துக்குரிய அழுத்தத்தில் தூங்க வைத்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 85 சதவீதம் அளவுக்கு இறங்கியது. தூக்கத்திலேயே இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 88-ஐ எட்டியது. ஆழ்ந்த தூக்கமும் குறைந்தது. நாற்பத்தைந்து தாண்டி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்கு என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? விமானக் காற்று வறண்டது, அதனால் வரும் தாகத்தையும் தலைவலியையும் குடிக்கும் ஆசை என்று உடம்பு தப்பாகப் புரிந்துகொள்வதும் உண்டு. முதலில் தண்ணீர். கண்ணுக்கு மறைப்பு, காதுக்குப் பஞ்சு, ஒரு சால்வை. தூங்க முடியவில்லையென்றால் வடிவேலு காமெடியைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு பாருங்கள்.

இடையில் தங்கினால்

இணைப்பு விமானம் தவறினால் நிறுவனமே ஹோட்டல் கொடுக்கும். அறைக்குள் போன பிறகு மினி பாரைப் பார்த்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். சாவி வாங்கும்போதே, வரவேற்பில், "மினி பாரைக் காலி செய்து கொடுங்கள்" என்று சொல்லி, அவர்கள் எடுத்துக்கொண்டு போகும்வரை கீழே உட்கார்ந்திருங்கள். உணவு கூப்பனில் ஒயினும் சேர்த்தி என்றால் அதற்குப் பதில் காபி கேளுங்கள். வீட்டுக்கு வீடியோ கால் போட்டுவிட்டுப் படுங்கள்.

ஒரு கிளாஸ் உள்ளே போய்விட்டால்

'கெட்டது கெட்டுப்போச்சு, முழுசாப் போட்டுடுவோம்' என்கிற எண்ணம் முதல் கிளாஸைவிட ஆபத்தானது. ஒரு கிளாஸ் ஒரு கிளாஸோடு நிற்கலாம். மீதியை வண்டியில் திருப்பிக் கொடுங்கள். இனி தர வேண்டாம் என்று பணியாளரிடம் சொல்லுங்கள். டைசல்ஃபிராம் சாப்பிடுகிறவர் என்றால் வெட்கப்படாமல் உடனே அதையும் சொல்லுங்கள்; உடம்புக்கு ஏதாவது ஆனால் என்ன காரணம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். டூட்டி ஃபிரீ பையில் இருக்கும் சொந்த பாட்டிலைத் திறந்து குடிப்பதற்கு எந்த விமானத்திலும் அனுமதியில்லை. போதையில் வாய்த்தகராறு செய்தாலே இந்திய விதிப்படி 3 மாதம் வரை பறக்கத் தடை வரலாம். கைகலப்பு, தகாத தொடுகை என்றால் 6 மாதம் வரை. உயிருக்கு ஆபத்தான நடத்தைக்குக் குறைந்தது 2 ஆண்டு. மது தடையான நாட்டில் வாடையோடு இறங்கினால் வேலையே போகலாம். தரையில் கால் வைத்ததும் உங்கள் ஆளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். மறைத்தால் அடுத்த கிளாஸுக்கு வழி விட்டது போலாகிவிடும்.

"வரும்போது ஒரு பாட்டில்"

போகும்போது தப்பித்தவர்கள் பலர் திரும்பும்போது மாட்டுகிறார்கள். லீவு தேதி சொன்ன அன்றே போன் வரும். "மாப்ள, ஊருக்கு வர்றியாமே! நமக்கு ஒண்ணும் வேணாம், ஒரே ஒரு பிளாக் லேபிள்." கேட்பவர் கெட்டவர் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பாட்டில் கொண்டுவருவது நம் ஊரில் மரியாதைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வாங்கி வராதவனைக் கஞ்சன் என்பார்கள். இந்திய சுங்க விதி ஆளுக்கு 2 லிட்டர் வரை மதுவைத் தீர்வையில்லாமல் அனுமதிக்கிறது. அது அனுமதி மட்டும்தான், கட்டாயம் இல்லை என்பதை ஊரில் யாரும் ஏற்பதில்லை.

குடியை விட்டவர் இன்னொருவருக்காகப் பாட்டில் சுமப்பதை நான் ஏற்கமாட்டேன். "எனக்குத் தானே கூடாது, மச்சானுக்கு வாங்கினா என்ன?" என்பார்கள். அந்தப் பாட்டில் கடையிலிருந்து மச்சான் கைக்குப் போகும்வரை உங்கள் பொறுப்பில் இருக்கிறது. கார் டயர் பஞ்சராகலாம், மச்சான் வெளியூர் போயிருக்கலாம், இரண்டு நாள் உங்கள் பீரோவில் துணிக்கு அடியில் இருக்கலாம். கொண்டுபோய்க் கொடுத்தால் "உக்காரு மாப்ள" என்று மூடியைத் திறப்பதும் உங்கள் முன்னால்தான்.

பதிலை லீவு போடும் முன்பே தயார் செய்யுங்கள். ஒத்த வயதுக்காரரிடம், "நான் விட்டுட்டேன்டா, பாட்டிலைத் தொடுறதும் இல்ல. சென்ட் வேணுமா, வாட்ச் வேணுமா, சொல்லு." மூத்தவரிடம், "அது ஒண்ணு மட்டும் என்னால முடியாது மாமா, மன்னிச்சுக்குங்க. மாமிக்கும் பிள்ளைங்களுக்கும் என்ன வேணும்னு சொல்லுங்க." காரணத்தை விளக்க உட்கார்ந்தால் வாதம் தொடங்கும், வாதத்தில் மாமாக்கள்தான் ஜெயிப்பார்கள். வெறுங்கையோடும் போக வேண்டாம். பேரீச்சம்பழம், பாதாம், டேங்க், கோடாலித் தைலம், சென்ட் பாட்டில் எல்லாம் நகரத்துச் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். டூட்டி ஃபிரீ கடைக்குள் நுழையக் காரணமே இருக்கக் கூடாது.

இறங்கிய பிறகும் ஒரு கடை காத்திருக்கிறது. நம் பன்னாட்டு விமான நிலையங்களில் இமிக்ரேஷன் முடிந்து பெட்டி எடுக்கப் போகும் வழியிலேயே அது இருக்கும். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் அருகில் வந்து, "அண்ணே, நீங்க சரக்கு வாங்கலையா? உங்க பாஸ்போர்ட்டைக் குடுங்க, உங்க கோட்டாவுல நான் ரெண்டு எடுத்துக்கிறேன், காசு நான் கட்டிடுறேன்" என்பார். கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் பில் போட்ட பொருளுக்குச் சுங்கத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். "பாஸ்போர்ட்டை யாருக்கும் தர்றதில்லைங்க" என்பது முழுமையான பதில். பெல்ட்டில் பெட்டி வர அரை மணி ஆகும் என்றாலும் பெல்ட் பக்கத்திலேயே நில்லுங்கள்.

வெளியே யார் வந்து நிற்கிறார்கள் என்பதும் முன்னமே தீர்மானிக்க வேண்டியது. நண்பர்கள் வண்டி எடுத்து வந்தால் ஊர் போகும் வழியில் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவோ மனைவியோ தங்கையோ வரட்டும். குழந்தையையும் அழைத்து வரச் சொல்லுங்கள். யாரும் வர முடியாவிட்டால் வாடகைக் கார் பிடித்து நேரே வீட்டுக்குப் போங்கள். அன்று மாலையோ மறுநாளோ உள்ளூரில் கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை வெளிநாட்டில் இருக்கும்போதே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லீவில் வரும் கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை ஆகியவற்றுக்கான பதில்கள் அடுத்த அத்தியாயத்தில்.